இரண்டரை மில்லிமீட்டர்

பரிசோதகர் முதலில் கையில் எடுத்தது ஒரு உருண்டை. குறுக்களவு 100 மில்லிமீட்டர்; நல்ல மாதுளம்பழ அளவு இருக்கும். அதை நண்பருடைய காரின் மூக்கில் வைத்து மெல்ல உருட்டிக்கொண்டே வந்தார். ஹெட்லைட் வளையம், கதவுக் கீல், பெட்ரோல் மூடி, வைப்பர் தண்டு என்று உருண்டை எங்கெல்லாம் பட்டதோ, அங்கெல்லாம் அவருடைய ஆள்காட்டி விரலும் தடவிப் பார்த்தது. உருண்டை தொடுகிற விளிம்பு எதுவானாலும் அதன் வளைவின் ஆரம் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதைவிடக் கூராக இருந்தால் கார் தேறாது. நான்கு வருடம் கராஜில் கிடந்து அந்தக் காரைக் கட்டிய நண்பர் சுவரோரம் நின்றபடி, விரல் எந்தெந்த இடத்தில் தயங்குகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது வட இங்கிலாந்தில், ஒரு அரசுச் சோதனை நிலையத்தில். நம் ஊரில் வண்டியை எஃப்.சி.க்குக் காட்டுவார்களே, அதைப் போல நாலு மடங்கு கடுமையான ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். கட்டிய நாட்களில் பல சனிக்கிழமைகளில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவன் என்ற உரிமையில் நானும் கூடப் போயிருந்தேன்.

கார், கோப்ராவின் நகல். 1962இல் அமெரிக்கப் பந்தய ஓட்டுநர் கரோல் ஷெல்பி, இங்கிலாந்தின் தேம்ஸ் டிட்டனில் இருந்த ஏ.சி. கார்ஸ் நிறுவனத்தின் ‘ஏஸ்’ என்ற சின்னத் திறந்த காருக்குள் ஃபோர்டின் வி8 இன்ஜினைப் பொருத்தினார். கோப்ரா பிறந்தது அப்படித்தான். அறுபதுகளில் செய்யப்பட்டவை ஏறத்தாழ 1,000 தான். அவற்றில் முதலாவது, 2016இல் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தபோது 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. அசலைத் தொட முடியாதவர்கள் ஃபைபர்கிளாஸ் உடலும் இரும்புக் குழாய் சேசிஸும் வாங்கி, பழைய கார் ஒன்றின் உறுப்புகளை அதில் ஏற்றிக் கட்டுகிறார்கள். நண்பர் அப்படித்தான் செய்தார். சஸ்பென்ஷனும் ஆக்சிலும் ஸ்டீயரிங்கும் ஒரு ஜாகுவார் எக்ஸ்.ஜே.6இலிருந்து வந்தன. இன்ஜின் 3.5 லிட்டர் ரோவர் வி8. அந்த இன்ஜினின் மூல வடிவம் அமெரிக்காவின் ப்யூக்கினுடையது என்பதில் அவருக்குத் தனி மகிழ்ச்சி.

வீட்டில் கார் கட்டுவது பிரிட்டனில் பழைய பழக்கம். முழுதாகச் செய்த காருக்குக் கொள்முதல் வரி உண்டு, உதிரியாக விற்றால் கிடையாது என்று இருந்த காலத்தில், 1957இல் வந்த லோட்டஸ் செவன் அந்த இடைவெளியில் புகுந்து ஓடியது. பூட்டும் முறையை எழுதித் தரக் கூடாது என்று விதி இருந்ததாம். எனவே கழற்றும் முறையை எழுதித் தந்து, அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்பது கார் கட்டுகிறவர்கள் இன்றும் ரசித்துச் சொல்லும் கதை. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகை போனது, பழக்கம் போகவில்லை. 1998இலிருந்து இப்படிப்பட்ட கார்களைத் தனித்தனியாகச் சோதிக்க ஆரம்பித்தார்கள். 2009இல் அதுவே இன்னும் விரிந்து ‘தனி வாகன ஒப்புதல்’ ஆனது. சுருக்கமாக ஐ.வி.ஏ. கட்டணம் 450 பவுண்டு. தவறினால் ஆறு மாதத்துக்குள் குறைகளைச் சரிசெய்து மறுசோதனைக்கு வரலாம். அதற்கு 90 பவுண்டு.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கோப்ராவைக் கோப்ராவாகக் காட்டும் அம்சங்கள்தான் சோதனையில் மாட்டுகின்றன. சக்கரத்தின் நடுவே காது நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பின்னர் நட்டு, கதவுக்குக் கீழே வெளியே ஓடும் சைலன்சர் குழாய், டேஷ்போர்டில் வரிசையாகத் துருத்தி நிற்கும் நிக்கல் சுவிட்சுகள். அறுபதுகளில் அழகு என்று நினைத்தவையெல்லாம், தெருவில் நடந்து போகிறவர் மேல் கார் உரசினாலோ உள்ளே இருப்பவர் மோதினாலோ சதையைக் கிழிக்கும் என்கிறது இன்றைய விதி. அந்த விதியின் பக்கமே நான் நிற்கிறேன். காரைக் கட்டுகிறவர் அதன் அழகை விரும்பி ஏற்கிறார். தெருவில் போகிற குழந்தையை யாரும் கேட்பதில்லை.

நண்பர் இதை மூன்றாம் வருடத்தில்தான் உணர்ந்தார். ஐ.வி.ஏ. கையேட்டை அரசு இலவசமாகவே தருகிறது; கட்டத் தொடங்கும் முன்பே அதைப் படித்திருக்க வேண்டும். அவரோ டேஷ்போர்டைத் தோல் போர்த்தி முடித்த பிறகு படித்தார். உள்ளேயும் தலை மோதக்கூடிய இடங்களில் விளிம்புகள் உருண்டிருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. தகட்டின் கீழ் விளிம்பு பிளேடு மாதிரி இருந்தது. தோலை உரித்து, ரப்பர் பட்டை கொடுத்து, மறுபடி போர்த்தினார். இரண்டு வார வேலை வீண். சீட் பெல்ட்டின் மேல் கொக்கி இருக்கையின் அடிப்புள்ளியிலிருந்து குறைந்தது 450 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நல்லவேளை, சேசிஸ் விற்ற நிறுவனம் அதைக் கணக்கில் வைத்தே வளையத்தை வெல்டு செய்து அனுப்பியிருந்தது.

சத்தம் இன்னொரு தொல்லை. சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி மைக் வைத்து, இன்ஜின் உச்ச சக்தி தரும் சுழற்சியில் முக்கால் பங்குக்கு ஆக்சிலேட்டரை அழுத்துவார்கள். 99 டெசிபலைத் தாண்டக் கூடாது. வெளிக்குழாய் வைத்த வி8 சும்மா இருக்கும்போதே உறுமும். நண்பர் ஒரு டெசிபல் மானியைக் கடன் வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டு அளந்து பார்த்து, குழாய்க்குள் கூடுதல் தடுப்பு வைத்தார். ஸ்பீடோமீட்டரும் அப்படியே. அது உண்மை வேகத்தைவிடக் கூட்டிக் காட்டலாம், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. குறைத்துக் காட்டவே கூடாது. கோப்ராவுக்குப் பெரிய டயர் போட்டால் பழைய மீட்டர் குறைத்துத்தான் காட்டும். ஜி.பி.எஸ். காட்டிய வேகத்தோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகே சோதனைக்குக் கொண்டுபோனார்.

புகைச் சோதனையில் காகிதம் பேசும். எந்த அளவுகோல் என்பதை இன்ஜினின் வயதுதான் தீர்மானிக்கிறது. வயதுக்குச் சான்று இல்லையென்றால் இன்றைய கடும் விதி பாயும். கார்புரேட்டர் வைத்த பழைய ரோவர் அதில் ஒருநாளும் தேறாது. இன்ஜின் எண்ணைக் குறிப்பிட்டு எழுதி, அது எந்த ஆண்டு செய்யப்பட்டது என்ற கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்திருந்தார். நாள் முழுவதும் அவருக்குக் கைகொடுத்த ஒரே தாள் அதுதான்.

பதிவு செய்யாத காரைச் சோதனைக்கு ஓட்டிப்போகலாம். நேரம் முன்பதிவு செய்திருக்க வேண்டும், சேசிஸ் எண்ணின் பேரில் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். ஆனாலும் அவர் டிரெய்லரில்தான் ஏற்றிக்கொண்டு போனார். அதுவே புத்திசாலித்தனம். வழியில் ஒரு குழாய் கசிந்தாலும் அந்த நாளே போய்விடும்.

மதியம் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு பரிசோதகர் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, காரை மெதுவாக உருளவிட்டுக் கையை எடுத்தார். சக்கரம் தானாக நேர்நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. இன்னொரு முறை. அப்போதும் திரும்பவில்லை. அவர் முகத்தில் கோபமோ எகத்தாளமோ இல்லை. பேனாவை எடுத்து எழுதினார். அதன் பிறகு கண்ணாடித் தாங்கியின் ஒரு போல்ட் தலை. பின் சக்கரத்துக்கு அருகே சரியாகப் பிடிமானம் இல்லாத ஒரு பிரேக் குழாய். மொத்தம் மூன்று.

“வண்டி நல்லாக் கட்டியிருக்கீங்க. இந்த மூணையும் சரிபண்ணிட்டு வாங்க, பார்த்துடலாம்” என்று தாளை நீட்டினார். நண்பர் அதை வாங்கியபோது அவர் விரல்கள் நடுங்கின. திரும்பி வரும் வழியில் முப்பது மைல் வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

சரிசெய்ய ஆனது மூன்று மாலைப் பொழுதுகள். மேல் விஷ்போனில் ஷிம் தகடுகளை மாற்றிக் காஸ்டர் கோணத்தைக் கூட்டினார், முன் டயர்களில் காற்றைச் சற்று ஏற்றினார். சக்கரம் சொன்னபடி திரும்பியது. போல்ட்டுக்குப் பிளாஸ்டிக் தொப்பி. குழாய்க்குக் கூடுதலாக இரண்டு கிளிப். போல்ட்டும் கிளிப்பும் யாருக்கும் நேரலாம். ஸ்டீயரிங் விஷயம் வீட்டு வாசலிலேயே சோதித்திருக்கக் கூடியது. காலியான ஒரு கார் நிறுத்தம் கிடைத்தால் போதும். ஐ.வி.ஏ.க்குப் போகிறவர் வேறு எதை விட்டாலும் இதை விடக் கூடாது.

மறுசோதனை அரை மணியில் முடிந்து, ஒப்புதல் சான்றிதழ் கைக்கு வந்தது. ஆனால் அது காருக்குப் பெயர் வைப்பதில்லை. பதிவெண் தருவது ஸ்வான்சீயில் இருக்கும் டி.வி.எல்.ஏ. சான்றிதழ், விண்ணப்பம், இன்சூரன்ஸ், பில்கள், புகைப்படங்கள், கூடவே 55 பவுண்டு. அங்கேதான் நண்பருக்கு மனம் உடைந்தது.

விதி இதுதான்: புது சேசிஸில், ஒரே பழைய காரிலிருந்து எடுத்த இரண்டு முக்கிய உறுப்புகள் இருந்தால், அந்தப் பழைய காரின் வயதுக்கேற்ற எண் கிடைக்கும். அந்தக் கார் எது என்று நிரூபிக்க வேண்டும். ஜாகுவாரின் உறுப்புகளை நண்பர் ஒரு பழைய இரும்புக் கடையில் வாங்கியிருந்தார். அந்தக் காரின் பதிவு ஆவணமான லாக் புக் பிறகு வரும் என்றார் கடைக்காரர். வரவேயில்லை. அடையாளம் நிரூபிக்க முடியாத காருக்குக் கியூ என்ற எழுத்தில் தொடங்கும் எண்தான். சில இன்சூரன்ஸ் நிறுவனங்கள் கியூவைக் கண்டாலே தயங்கும், விற்கப்போனால் விலையும் இறங்கும். அவரை வருத்தியது அதுவல்ல. கியூ எண் உள்ள காரில் தனிப்பட்ட எண்ணைப் பொருத்த முடியாது. அப்பாவின் முதல் ஃபோர்டு காருடைய எண்ணை, கார் போன பிறகும் பணம் கட்டித் தன் பெயரில் எடுத்து வைத்திருந்தார். கோப்ரா கட்டத் தொடங்கியதே அந்த எண்ணுக்காகத்தான்.

கலிஃபோர்னியாவில் வழி வேறு. அங்கே வீட்டில் கட்டிய கார்களில் ஆண்டுக்கு 500க்கு மட்டும் புகை விதியில் தனிச் சலுகைச் சான்று உண்டு; அதை வாங்கினால், காரின் உருவம் எந்த ஆண்டை ஒத்திருக்கிறதோ அந்த ஆண்டின் அளவுகோலையே எடுத்துக்கொள்ளலாம். 1965 கோப்ராவைப் போலிருந்தால் அதற்கு 1965இன் விதி. ஜனவரியில் அந்தச் சான்றுக்காக வரிசையில் நிற்பார்கள். பிரிட்டனில் உருவத்துக்கு மதிப்பில்லை, உறுப்புக்கும் தாளுக்கும்தான்.

சோதனை முடிந்த மறுநாளே ரப்பர் பட்டைகளையும் பிளாஸ்டிக் தொப்பிகளையும் பிடுங்கி எறிந்துவிட்டுக் காது வைத்த ஸ்பின்னரை மாட்டிக்கொள்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் நல்ல கைவினைஞர்கள்தான். இதில் மட்டும் அவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. விரல் தடவிப் பார்த்த அந்த மதியத்தை நேரில் கண்டவர் அப்படிச் செய்ய மாட்டார். நண்பரின் காரில் எல்லாப் பட்டைகளும் அப்படியே இருக்கின்றன.

எண் பலகை வந்த சனிக்கிழமை, இரண்டு திருகாணியில் அதை மாட்டிவிட்டுப் பெட்ரோல் போடப் போனோம். அப்பாவின் எண்ணுக்கான சான்று இன்னும் கோப்பில் இருக்கிறது. 10 ஆண்டு செல்லும், பிறகும் புதுப்பிக்கலாம். போன மாதம் பழைய மஸ்தா எம்.எக்ஸ்.5 ஒன்று விற்பனைக்கு இருக்கிறதென்று கேள்விப்பட்டு நண்பர் போன் செய்தார். விலையையும் கேட்கவில்லை, துருவையும் கேட்கவில்லை. “லாக் புக் உங்க கையில இருக்கா?” என்றார் முதலில்.