கூடி வாழும் அறம்
(டால்ஸ்டாய் பண்ணை பற்றிய ஒரு பாடம்)



‘சங்கம் சரணம்’ என நாம் நாடோறும் கூறுகின்றோம். சங்கமாவது ஓரிடத்திற் கூடியிருத்தல் மட்டுமன்று. உழைப்பையும் உணவையும் ஏற்றத்தாழ்வின்றிப் பகிர்ந்துகொள்ளுதலே அதன் பொருள். குப்பை வாரிய சுநீதரும், நாவிதராயிருந்த உபாலியும் அதனுள் பெருமதிப்புப் பெற்றனர். இல்லறத்தாரும் இவ்வாறு கூடி வாழ இயலுமா? கடல் கடந்து சென்ற நம் தமிழர் பலர் பங்குகொண்ட ஒரு பண்ணையின் வரலாற்றை இதற்கு விடையாக நோக்குவோம்.

1. இடமும் மக்களும்

தென்னாப்பிரிக்காவில் இந்தியர் நடத்திய அறப்போரில் சிறை சென்றோரின் குடும்பங்கள் ஆதரவின்றித் தவித்தன. அவர்களுக்காக, ஹெர்மன் காலன்பாக் என்னும் யூதக் கட்டடக் கலைஞர் தமது 1,100 ஏக்கர் நிலத்தை 1910 மே 30ஆம் நாள் வாடகையின்றிக் காந்தியாரிடம் ஒப்புவித்தார். ஜோகன்னஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவிலிருந்த அப்பண்ணைக்கு டால்ஸ்டாயின் பெயர் சூட்டப்பெற்றது. தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வடநாட்டார் ஆகியோர் அங்கு வாழ்ந்தனர். அவர்களுள் இந்துக்களும் முஸ்லிம்களும் பார்சிகளும் கிறித்தவர்களும் இருந்தனர்.

2. அன்றாட வாழ்வு

அனைவர்க்கும் அடுக்களை ஒன்றே, உணவு மரக்கறியே. வேலையாள் எவருமிலர். சமைத்தல், மாவரைத்தல், மரவேலை, செருப்புத் தைத்தல் யாவும் அவர்கள் கைவேலையே. நீரைத் தொலைவிலிருந்த ஊற்றிலிருந்து காவடி கட்டிச் சுமந்தனர். சொந்த அலுவலாக நகருக்குச் செல்வோர் கட்டுச்சோற்றுடன் நடந்தே செல்லவேண்டும். பொதுப்பணிக்கு மட்டுமே ரயிற்செலவு உண்டு. காலையில் உழைத்த சிறுவர், பிற்பகலில் பாடம் பயின்றனர். பாடமொழிகளுள் தமிழும் ஒன்று.

இவற்றினும் நாம் கருத்தூன்ற வேண்டுவது ஒன்றுண்டு. மலம் அகற்றும் பணியையும் அவர்களே செய்தனர். கழிவைக் குழியிலிட்டு மண்ணால் மூடினர். அது பின்னர் எருவாயிற்று. அப்பணிக்கெனத் தனியே ஒரு சாதி அங்கில்லை.

3. பருவங்கள்

அந்நாட்டில் ஜூன், ஜூலைத் திங்கள்கள் குளிர்காலமாம். தகரக் கொட்டகைகள் எழும்வரை, ஏறக்குறைய இரண்டு திங்கள், அவர்கள் கூடாரங்களிலேயே குளிரைப் பொறுத்தனர். நிலத்தில் ஏறத்தாழ 1,000 பழமரங்கள் நின்றன. பருவந்தோறும் ஆரஞ்சு, பிளம் முதலியன அனைவரும் வயிறார உண்டபின்னும் மிஞ்சின. ரம்ஜான் திங்களில் முஸ்லிம் சிறுவர் நோன்பிருந்தபோது, பிற சமயத்துச் சிறுவரும் அவர்களோடு ஒருவேளை உணவு கொண்டனர்.

4. விளைந்த பயன்

1913ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பண்ணை வாழ்வு முடிவுற்றது. ஆயினும், அங்கு வாழ்ந்து பழகிய மகளிர், பெரும்பாலும் தமிழர், அவ்வாண்டிலேயே நியூகாசில் சென்று சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு எழுப்பிச் சிறையேகினர். அன்றாட உழைப்பே அவர்கட்குப் போர்ப்பயிற்சியாயிற்று.

5. நாம் கொள்ளத்தக்கது

நிற்க. காந்தியாரின் பண்ணையை நாம் ஏன் போற்றவேண்டும் என அன்பர் சிலர் வினவலாம். வருணம் பற்றியும், 1932ஆம் ஆண்டுப் பூனா உடன்படிக்கை பற்றியும் அண்ணல் அம்பேத்கர் அவரை மறுத்தமை நியாயமே என்பது நம் கொள்கை. ஒரு பண்ணையில் சிலர் விரும்பித் துடைப்பம் ஏந்தினமையால், நாடெங்கும் பிறப்பால் துடைப்பம் திணிக்கப்பட்டோரின் தளை அறுந்துவிடாது. அதற்குச் சட்டமும் கல்வியும் உரிமையும் வேண்டும். கையால் மலம் அள்ளுவித்தலை 1993, 2013ஆம் ஆண்டுச் சட்டங்கள் தடுத்திருந்தும், சாக்கடைக்குழியில் உயிர்கள் மாய்தல் இன்னும் ஒழியவில்லை.

எனினும் உண்மை எங்கிருப்பினும் அதனைக் கொள்ளுதலே பௌத்த நெறி. ‘இழிதொழில்’ என்பது தொழிலில் இல்லை. அதனை ஒருவர் தலைமேலே சுமத்தும் மனத்தில் உள்ளது. இராமகிருஷ்ணபுரத்தின் அரசுக் குடியிருப்புகளில் வாழும் நாம், பௌர்ணமிதோறும் கூடும்போது பாத்திரம் துலக்குவோர் யார், கூடம் பெருக்குவோர் யார் என எண்ணிப் பார்ப்போமாக. அப்பணி எப்போதும் பெண்கள்மீதோ எளியோர்மீதோ விழுமாயின், விட்டு வந்த சாதியை வேறு பெயரால் வளர்ப்போராவோம். முறைவைத்து யாவரும் செய்க, தலைவரும் செய்க.

சிந்தனைக்குரிய வினாக்கள்:

1. பண்ணையில் துப்புரவுப் பணி எவ்வாறு நடைபெற்றது?
2. விரும்பி ஏற்ற உழைப்புக்கும் பிறப்பால் திணிக்கப்பட்ட உழைப்புக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. நம் கூட்டங்களில் எப்பணியை அடுத்த பௌர்ணமி முதல் முறைவைத்துச் செய்யலாம்?