பறவை பார்க்கத் தொடங்குவது எப்படி? கள்ளக்குறிச்சி மாடியிலிருந்து கல்வராயன் மலை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கள்ளக்குறிச்சிப் பக்கம் யாருக்காவது பறவை பார்க்கும் ஆசை வந்தால் முதலில் கேட்பது, "மலைக்கு ஒரு நடை போய்ட்டு வரலாமா?" என்பதுதான். கூப்பிடு தூரத்தில் கல்வராயன் மலை இருக்கும்போது அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனாலும் மலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. காட்டில் ஒரு பறவை கண்ணில் படுவது இரண்டு வினாடி. அதுவும் இலைக்குப் பின்னால், வெளிச்சத்துக்கு எதிரே. ஊரில் இருபது பறவைகளைப் பழகியவர் அந்த இரண்டு வினாடியில் "இது நம்ம ஊர்க் கரிச்சான் இல்லை" என்று சொல்லிவிடுவார். பழகாதவருக்கு ஏதோ ஒன்று பறந்துபோயிருக்கும், பெட்ரோல் செலவுதான் மிச்சம்.

ஆகவே வரிசையை மாற்றிப் போடுவோம். முதலில் மாடி, பிறகு கழனி, அப்புறம் அணை, கடைசியில் மலை.

முதல் படி: மாடியில் கால் மணி நேரம்

காலை ஆறரை மணிக்கு மொட்டை மாடியிலோ வாசலிலோ ஒரே இடத்தில் கால் மணி நேரம் நில்லுங்கள். கையில் எதுவும் வேண்டாம். செல்போன் கீழேயே இருக்கட்டும். ஒரு வாரம் இப்படி நின்றாலே தெருவில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பிடிபட்டுவிடும்.

காகத்திலிருந்தே தொடங்கலாம். கழுத்து சாம்பல் நிறமாக இருப்பது வீட்டுக் காகம். உடம்பு முழுக்கக் கறுத்து, அலகு தடித்து இருப்பது அண்டங்காக்கை. வருடக்கணக்கில் சோறு வைத்தும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காதவர்கள் நம்மில் நிறையப் பேர். அடுத்து மைனா, மாடப்புறா, ஏழெட்டாகச் சேர்ந்து தரையில் தத்தித் தத்திச் சண்டை போடும் தவிட்டுக்குருவி, செம்பருத்தியில் தலைகீழாகத் தொங்கும் தேன்சிட்டு, பனைமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து உட்காரவே செய்யாத உழவாரன். கோடை நெருங்க நெருங்கக் கூவும் குயில் ஆண். அது முழுக் கறுப்பு, கண் மட்டும் சிவப்பு. பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி நிறைந்த பெண் குயிலைப் பலர் வேறு ஏதோ பறவை என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் மாடிக்கு அழையுங்கள். புத்தகத்தில் இல்லாத பெயர்கள் அவர்களிடம் கிடைக்கும். கரிச்சானை ரெட்டைவால் குருவி என்பார்கள்; எது எந்த மாதத்தில் கூடு கட்டும் என்றும் சொல்வார்கள்.

இரண்டாம் படி: பெயருக்கு முன்னால் நான்கு கேள்விகள்

புதிய பறவை ஒன்றைப் பார்த்ததும் "இதன் பெயர் என்ன?" என்று தவிப்பதுதான் எல்லோரும் செய்வது. பெயர் பிறகு வரும். முதலில் அளவைப் பாருங்கள். சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு, கண்டது இவற்றில் எதைவிடச் சிறியது, எதைவிடப் பெரியது என்று முடிவு செய்யுங்கள். அடுத்து அலகு, வால், கால் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். பிறகு, அது என்ன செய்கிறது? தரையில் நடக்கிறதா, தத்துகிறதா, கம்பியில் உட்கார்ந்து பாய்ந்து பாய்ந்து பூச்சி பிடிக்கிறதா? நான்காவது, எங்கே இருக்கிறது என்பது. நிறத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நிறம் ஏமாற்றும்.

எப்படி ஏமாற்றும் என்பதற்கு மடையானைப் பாருங்கள். கழனி வரப்பில் தோளைக் குறுக்கிக்கொண்டு, கழுத்தில் பழுப்புக் கோடுகளோடு, மண்ணோடு மண்ணாக நிற்கும். நீங்கள் பக்கத்தில் போகும்வரை அசையாது. மிதித்துவிடப் போகிறோம் என்னும்போது ஒரு கத்தல் கத்திவிட்டு எழும்பும். விரிந்த இறக்கை இரண்டும் பளிச்சென்று வெள்ளை. நின்றது ஒரு பறவை, பறந்தது வேறு ஒன்று என்றே தோன்றும். கூடு கட்டும் காலத்தில் அதே மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகவும் மாறிவிடும். நிறத்தை மட்டும் நம்பினால் ஒரே பறவைக்கு மூன்று பெயர் எழுத வேண்டி வரும். குறுகிய கழுத்து, ஈட்டி அலகு, வரப்பில் ஆடாமல் நிற்கும் பொறுமை ஆகியவை மட்டும் மூன்று தடவையும் ஒன்றாகவே இருக்கும்.

மூன்றாம் படி: பைனாகுலர், நோட்டு

ஒரு மாதம் வெறுங்கண்ணால் பார்த்த பிறகும் ஆர்வம் குறையவில்லை என்றால் பைனாகுலர் வாங்கலாம். அதன்மேல் 8×42 என்று போட்டிருக்கும். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். புதியவர்களுக்கு 8 மடங்கு போதும். 10, 12 என்று போனால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும்.

வாங்கியதும் ஒரு வேலை இருக்கிறது. வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக வையுங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலப்பக்கக் கண்குழலில் உள்ள வளையத்தைத் திருப்பி அதையும் தெளிவாக்குங்கள். பெரும்பாலான பைனாகுலர்களில் இவ்வளவுதான். அதன் பிறகு நடுச் சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்பக்க ரப்பரை உள்ளே இறக்கிவிட வேண்டும். பறவையைக் கண்டவுடன் குனிந்து பைனாகுலரைத் தேடினால் தொலைத்துவிடுவீர்கள். பார்வையைப் பறவைமேல் வைத்தபடியே கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவந்து பழகுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

கேமரா? அவசரம் வேண்டாம். முதலிலேயே கேமரா வாங்கியவர் படம் எடுப்பார். பறவையைப் பார்ப்பது குறைந்துபோகும்.

நோட்டுப் புத்தகம் கட்டாயம். தேதி, நேரம், இடம், பறவை, எத்தனை. ஒவ்வொரு நாளும் இந்த ஐந்து போதும். தமிழில் வழிகாட்டி நூல் வேண்டும் என்றால் ப. ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு' கிடைக்கிறது. செல்போனில் எழுத விரும்புகிறவர்களுக்கு, அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கிய இ-பேர்ட் இருக்கிறது. இலவசம், பறவைப் பெயர்களைத் தமிழிலேயே காட்டும்படி அமைத்துக்கொள்ளலாம்.

எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2023-இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, சுமார் 30,000 பேர் இப்படிப் பதிந்த பட்டியல்களை வைத்து 942 இனங்களை ஆராய்ந்தது. பனங்காடை வேகமாகக் குறைந்துவருகிறது என்று தெரிந்ததும் அப்படித்தான். கரும்புக் கொல்லையோரம் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும், பறந்தால் நீலம் பூக்கும் அதே பனங்காடை. இன்று கம்பியில் ஒன்றுகூட இல்லை என்று நீங்கள் எழுதுவதும் ஒரு தகவல்தான்.

நான்காம் படி: கழனியும் கோமுகி அணையும்

டிராக்டர் ஓட்டும் நாள் தெரிந்தால் விடாதீர்கள். கலப்பைக்குப் பின்னால் உண்ணிக்கொக்கு வரிசை கட்டி வரும், மைனா வரும், கம்பியிலிருந்து கரிச்சான் இறங்கும். புரட்டிப் போட்ட மண்ணில் புழுவும் பூச்சியும் வெளியே வருவதால் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். புதியவருக்கு இதைவிட நல்ல வகுப்பு இல்லை. பறவைகளுக்கு அப்போது உங்களைப் பற்றிய கவலையே இருக்காது.

இங்கே கரிச்சானோடு நேரம் செலவிடுங்கள், மலையில் உதவும். உடம்பு மினுங்கும் கறுப்பு, வால் ஆழமாகப் பிளந்து மீன்வால்போல இருக்கும். பைனாகுலரில் பார்த்தால் வாயோரத்தில் ஒரு சிறு வெள்ளைப் பொட்டு தெரியும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தையும் விரட்டிக்கொண்டு போகும். வல்லூறு மாதிரி கத்தவும் தெரியும்.

தரிசு நிலத்தில் நடக்கும்போது கீழே பார்த்துக் கால் வையுங்கள். ஆள்காட்டி வெறும் தரையில் முட்டையிடும். முட்டை கூழாங்கல் போலவே இருக்கும். தலைக்குமேல் சுற்றிச் சுற்றி அது கத்தினால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

குளிர்காலத்தில் சோளக்குருவியைத் தேடலாம். கறுப்புத் தலை, இளஞ்சிவப்பு உடம்பு கொண்ட மைனா உறவு. மத்திய ஆசியப் பக்கமிருந்து வருவது. மாலையில் கூட்டமாகத் திரும்பும்போது எண்ணுவது சிரமம்.

கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது கோமுகி அணை. நீர்ப்பறவைக்கு அதுதான் நம் பள்ளிக்கூடம். நீர்க்காகம் கல்மேல் இறக்கையை விரித்துக் காயவைக்கும். முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் எழும். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி நடுவானில் நின்ற இடத்திலேயே சிறகடித்துவிட்டுச் செங்குத்தாகத் தண்ணீரில் விழும். மழை முடிந்து நீர் வற்றத் தொடங்கும்போது கரையில் சேறு தெரியும். உள்ளான் வகைகளைத் தேடுகிறவர்களுக்கு அதுதான் நேரம். காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள்.

ஐந்தாம் படி: காதைத் திறப்பது

பாதிப் பறவைகளைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுவோம். வாரம் ஒரு குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் செம்போத்தின் 'ஊப் ஊப்', அடுத்து இடைவிடாமல் தட்டும் செம்மார்புக் குக்குறுவான், பிறகு உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் உரக்கக் கத்தும் தையல்சிட்டு. அடுப்படியில் நின்றபடி, ஜன்னல் பக்கம் திரும்பாமலே "வாலாட்டி வந்தாச்சு" என்று சொல்ல முடிகிற நாள் ஒன்று வரும். சான்றிதழ் யாரும் தரமாட்டார்கள், வீட்டில் ஒருவரும் கண்டுகொள்ளவும் மாட்டார்கள். பரவாயில்லை, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் என்ற செயலியும் உண்டு. உதவும்தான். ஆனால் கரிச்சான் வல்லூறாக நடிக்கும் ஊரில் செயலியின் பேச்சை அப்படியே நம்ப முடியாது. அது சொல்லும் பெயரை வைத்துக்கொண்டு பறவையைத் தேடிக் கண்ணால் பார்த்த பிறகே எழுதுங்கள்.

ஆறாம் படி: இனி மலை

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையே போதும். காட்டுக்குள் இறங்க வேண்டாம். காப்புக்காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். கல்வராயன், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. ஏற ஏறக் கரும்பும் நெல்லும் போய், சாமை, மரவள்ளி, பலா, புளி, கடுக்காய் வரும். பறவைகளும் அதற்கேற்ப மாறும்.

கரிச்சானைப் பழகச் சொன்னது இதற்காகத்தான். அடிவாரக் காட்டில் கரிச்சான் ஒன்று உட்கார்ந்திருக்கும். வயிறு வெள்ளையாக இருந்தால் அது வெள்ளைவயிற்றுக் கரிச்சான். இன்னும் மேலே, குளிர்காலத்தில், சாம்பல் உடம்பும் சிவப்புக் கண்ணும் கொண்ட ஒன்று உயரமான மரத்தின் நுனியில் இருக்கும். அது சாம்பல் கரிச்சான், வடக்கே இருந்து வந்த விருந்தாளி. சின்னானுக்கும் இதே கதை. ஊரில் பார்ப்பது செங்குதச் சின்னான். மேலே கூர்க்கொண்டையும் கன்னத்தில் சிவப்பும் கொண்ட செம்மீசைச் சின்னான்.

காட்டில் பத்து நிமிடம் ஒன்றுமே இருக்காது. திடீரென்று ஒரே மரத்தில் பத்துப் பறவை இருக்கும். பூச்சி தின்னும் பறவைகள் பல இனமாகச் சேர்ந்து ஊர்வலம் போவது அது. மின்சிட்டு, பச்சைச்சிட்டு, ஈப்பிடிப்பான் எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலும் கரிச்சானும் கூடவே போகும்; மற்றவர்கள் கிளப்பிவிடும் பூச்சியைப் பிடிக்க. கரிச்சான் குரல் கேட்டால் அங்கேயே நில்லுங்கள், துரத்தாதீர்கள். ஓடைக்கரைப் பாறையில் வாலை ஆட்டிக்கொண்டு, அடிவயிறு மஞ்சளாக ஒன்று நடந்தால் அது சாம்பல் வாலாட்டி. இமயமலைப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு வந்திருக்கிறது. நிழலான தரையில் மரகதப்புறாவைத் தேடலாம், நம் மாநிலப் பறவை. காலை, மாலை ஆறு மணிவாக்கில் இரட்டைச் சீழ்க்கை கேட்டால் ஆறுமணிக்குருவி.

மலைவாழ் மக்களிடம் நடந்துகொள்வது பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூனில் விஷச் சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. சாராய வேட்டைக்காகப் போலீஸ் ஏறி இறங்கும் மலை இது. பைனாகுலரும் கையுமாக ஒரு புது ஆள் தோட்டத்தைப் பார்த்து நின்றால், "யாரு சார் நீங்க? என்னா பாக்கறீங்க?" என்று கேட்கத்தான் செய்வார்கள். "குருவி பாக்கறோம்ணே" என்று சொல்லி, பைனாகுலரை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அடுத்த நிமிடம் எந்தப் பலாமரத்தில் எது வரும் என்று அவர் சொல்லத் தொடங்கியிருப்பார். வீடுகளின் பக்கம் கருவியைத் திருப்பாதீர்கள்.

கூட்டை நெருங்கிப் படம் எடுப்பது, செல்போனில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பது இரண்டும் வேண்டாம். கிளிக்குஞ்சை யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

ஏழாம் படி: பொங்கலன்று கணக்கெடுப்பு

2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். பிப்ரவரி நடுவில் உலகம் முழுக்க நடக்கும் கணக்கெடுப்பும் உண்டு. இரண்டிலும் யார் வேண்டுமானாலும் சேரலாம், மாடியிலிருந்தே. பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணிக்கையோடு இ-பேர்டில் ஏற்றுங்கள். பெரிய கூட்டமென்றால் பத்துப் பத்தாகக் குத்துமதிப்பாக எண்ணலாம். அடையாளம் தெரியாததை 'கொக்கு வகை' என்ற அளவில் பதியவும் அதில் இடம் இருக்கிறது. தெரியாததற்குப் பெயர் வைத்து ஏற்றிவிடாதீர்கள்.