தடித்துப்போன சிப்பி

கேள்வி: படகுக்குப் பூசும் பெயின்ட், பண்ணைச் சிப்பியைக் கெடுக்குமா? கடல் எவ்வளவு பெரியது!

பதில்: கெடுத்திருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் பிரான்சின் ஆர்கஷோன் விரிகுடாவில் சிப்பிக் குஞ்சுகள் பிடிக்கவே இல்லை. வளர்ந்தவற்றின் ஓடு தடித்து, அடுக்கடுக்காக அறை விழுந்து, உள்ளே கூழ் நிரம்பியது. சதைக்கு இடம் சுருங்கியது. கொட்டலசு ஒட்டாதிருக்கப் படகின் அடியில் பூசிய பெயின்டிலிருந்த டிரைபியூட்டைல்டின் என்ற நஞ்சுதான் காரணம். ஏதாவது நோயாக இருக்கலாமே என்பீர்கள். 1982இல் சிறு படகுகளுக்கு அந்தப் பெயின்டைத் தடை செய்த பிறகு குஞ்சுகள் மறுபடி பிடித்தன. அரசாணைக்குப் பணியும் நோய் உண்டா என்ன? கடல் பெரிதுதான். ஆனால் பண்ணை இருப்பது படகுகள் நெருக்கியடிக்கும் விரிகுடாவில். இந்த நஞ்சுக்கோ லிட்டருக்குச் சில நானோகிராமே போதும். சேற்றில் படிந்தது பல ஆண்டு கிடக்கும்.