ஓசி ஆட்டம்: துட்டு கட்டுவது யார்?



நம்ம வட சென்னையில் "ஓசி" என்ற சொல்லைத் தெரியாதவர் யாரும் இல்லை. ஓசி டீ, ஓசி சினிமா, ஓசி சவாரி. அந்தக் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையாகப் போன தபாலுக்குத் தபால் கூலி கிடையாதாம். அந்தத் தபால்மேல் போட்ட ஆங்கில எழுத்துகள்தான் "ஓசி" ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிஜமோ கதையோ, அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தபால் சும்மா போய்விடவில்லை. அதைச் சுமந்த செலவை வேறு யாரோ ஏற்றுக்கொண்டார்கள்.

இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நம்மில் பலர் ஆடுகிற ஆன்லைன் ரோல் பிளேயிங் கேமைப் பார்ப்போம். ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, முகம் தெரியாத ஆயிரம் பேரோடு ஒரே உலகத்தில் சண்டை போட்டு, லெவல் ஏறி, குழு சேர்த்து ஆடுகிற ஆட்டம் அது. முன்பு மாதச் சந்தா கட்டினால்தான் உள்ளே விடுவார்கள். இன்றைக்குப் பெரும்பாலும் இலவசம். இந்த மாற்றம் நம்மைப் போன்றவர்களுக்கு நல்லதா, கெட்டதா? ஐந்து வருடமாக ஆடுகிறவன் என்ற ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

சீசன் டிக்கெட் காலம்

இந்த ஆட்டங்களின் முன்னோடி 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் ஆரம்பித்த "மட்". படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். அவரோடு சேர்ந்து அதை வளர்த்தவர் ரிச்சர்ட் பார்ட்டில். பிறகு 1997-இல் அல்டிமா ஆன்லைன், 1999-இல் எவர்குவெஸ்ட், 2004-இல் வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் என்று வரிசையாக வந்தன. கடைசியாகச் சொன்னதற்கு அமெரிக்காவில் மாதச் சந்தா 14.99 டாலர். 2010-இல் அதற்கு 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள்.

இது பேசின் பிரிட்ஜில் ரயில் ஏறுகிறவர் வைத்திருக்கும் சீசன் டிக்கெட் மாதிரி. மாதம் ஒரு தடவை கட்டியாயிற்று என்றால் உள்ளே எல்லாரும் சமம். உன் வாளும் என் வாளும் உழைத்துச் சம்பாதித்தவை. அது நியாயமான உலகம்தான். ஆனால் கேட்டுக்கு வெளியே நின்றவன் யார்? கிரெடிட் கார்டு இல்லாத வீட்டுப் பையன். எங்க பெரியம்மா மகன் அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ரூன்ஸ்கேப் ஆடியவர். 2001-இல் வந்த அந்த ஆட்டத்தில் ஒரு பகுதி இலவசம், மீதி சந்தா கட்டியவர்களுக்கு. "வேலிக்கு அந்தாண்ட இன்னா இருக்குதுன்னு கடைசி வரைக்கும் பாக்கவே இல்லடா" என்பார்.

கதவு ஏன் திறந்தது?

முதலாளிகள் மனம் இளகித் திறந்த கதவு அல்ல அது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆன்லைன் 2009-இலும், லார்டு ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைன் 2010-இலும் சந்தாவைக் கட்டாயமில்லை என்று ஆக்கின. 2011 டிசம்பரில் பெரும் செலவில் வந்த ஸ்டார் வார்ஸ் ஆட்டம், ஒரு வருடம்கூடத் தாங்காமல் 2012 நவம்பரில் இலவசமானது. கொரியாவில் 2003-இல் வந்த மேப்பிள் ஸ்டோரி போன்றவை, நுழைவை இலவசமாக்கிப் பொருளை விற்றாலே பிழைக்கலாம் என்று ஏற்கெனவே காட்டியிருந்தன.

காரணம் எளிது. ஆள் இல்லாத ஆன்லைன் உலகம், கூட்டம் இல்லாத சந்தை மாதிரி. காசு உள்ளவனும் அங்கே நிற்க மாட்டான். இன்னொரு ஆளை உள்ளே விட ஆகும் செலவோ மிகச் சொற்பம். ஆகவே பத்துப் பேரை ஓசியில் விட்டு, அதில் ஒருவனிடம் வாங்குகிறார்கள். அப்படி அள்ளிக் கொடுப்பவனுக்கு அந்தத் தொழிலில் வைத்திருக்கும் பெயர் "திமிங்கிலம்". மீதி ஒன்பது பேர் யார்? திமிங்கிலம் ஜெயித்துக் காட்டத் தேவைப்படும் கூட்டம். அதாவது நாம்!

எதை விற்கிறார்கள்?

ஒன்று, அலங்காரம். சட்டை, தொப்பி, இறக்கை. இதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

இரண்டு, நேரம். சென்ட்ரல் கண்ணுக்கெதிரே இருக்கும். ரயிலோ பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக நிற்கும். அந்தக் கடுப்பு நமக்குத் தெரியாததா? அதே கடுப்பை இந்த ஆட்டங்களில் வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். எட்டு மணி நேரம் காத்திரு, இல்லையென்றால் காசு கொடு!

மூன்று, பலம். காசு கொடுத்தவன் வாள் கூர்மை.

நான்கு, அதிர்ஷ்டம். இதுதான் ஆபத்து. கணக்குப் போட்டே பார்க்கலாம். 2020-இல் வந்த கென்ஷின் இம்பாக்ட் ஆட்டத்தில் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் கிடைக்க, ஒரு தடவைக்கு அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம். கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.994. பத்துத் தடவை இழுத்தால் 0.994-ஐப் பத்துத் தடவை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.94. ஐம்பது தடவைக்குச் சுமார் 0.74. அதாவது 100 பேர் ஐம்பது தடவை இழுத்தால் 74 பேருக்கு அந்தப் பாத்திரம் வராது. 90-ஆவது தடவைக்குள் ஒன்று கட்டாயம் உண்டு. ஆனால் அது நாம் ஆசைப்பட்ட பாத்திரம்தானா என்பது வேறு விஷயம்.

இதில் விகிதத்தையாவது வெளியே சொல்கிறார்கள். மேப்பிள் ஸ்டோரியில் ஒரு பொருளின் வாய்ப்பை ஆடுகிறவர்களுக்குச் சொல்லாமலே குறைத்ததாகவும், சில சேர்க்கைகள் வரவே வராதபடி மாற்றியதாகவும் கண்டறிந்த கொரிய நியாய வர்த்தக ஆணையம், 2024 ஜனவரியில் நெக்சான் நிறுவனத்துக்குச் சுமார் 1,160 கோடி வோன் அபராதம் விதித்தது. 2018-இலேயே பெல்ஜியம், காசுக்கு விற்கும் அதிர்ஷ்டப் பெட்டியைச் சூதாட்டம் என்று அறிவித்தது. நம் நாட்டில் தமிழக அரசின் 2022-ஆம் ஆண்டுச் சட்டமும் மத்திய அரசின் 2025-ஆம் ஆண்டுச் சட்டமும், பணம் வைத்துப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டங்களைத்தான் முக்கியமாகக் குறி வைக்கின்றன. பணம் போட்டு வாள் எதிர்பார்க்கிறவனை அவனேதான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

என் கணக்கு

ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தன் கணக்கையும் காட்ட வேண்டும் அல்லவா? பத்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் ஒரு ஓசி ஆட்டம். பெயர் வேண்டாம். அம்மா போனிலிருந்து 79 ரூபாய் ஆறு தடவை, 159 ரூபாய் நாலு தடவை, 399 ரூபாய் ஒரு தடவை கட்டினேன். ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். கூட்டினால் 1,509 ரூபாய். எனக்கு டிராயிங் போர்டும் டிராஃப்டரும் வாங்க அம்மா ஒதுக்கியிருந்த காசு அது. எங்க வீட்டில் டிராஃப்டர் என்றால் என்னவென்று அதற்கு முன் யாருக்கும் தெரியாது.

அம்மா திட்டவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே, "ஓசின்னுதானேடா சொன்ன?" என்று மட்டும் கேட்டார். முதல் செமஸ்டர் முழுக்க சீனியர் அண்ணன் ஒருவரின் டிராஃப்டரை இரவல் வாங்கித்தான் வரைந்தேன். அந்த வாளோ இரண்டே மாதத்தில் பழசாகிப்போனது. அதைவிடப் பெரிய வாள் கடைக்கு வந்துவிட்டது.

பஸ் பாஸ் பரீட்சை

அப்படியானால் இலவச ஆட்டமே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். இலவசம் இல்லையென்றால் நான் அந்த உலகத்துக்குள் காலே வைத்திருக்க முடியாது. பள்ளிக்கூடம் போனதும் இலவச பஸ் பாஸில்தான். ஆனால் பஸ்ஸில் பாஸ் வைத்திருப்பவனும் டிக்கெட் எடுத்தவனும் ஒரே நேரத்தில்தான் ஸ்டாப்பில் இறங்குகிறார்கள். நல்ல இலவசத்துக்கு இதுதான் அடையாளம்.

எந்த ஆட்டத்தையும் இந்தப் பரீட்சையில் வையுங்கள். 2013-இல் நியூசிலாந்துக்காரர்கள் கொண்டுவந்த பாத் ஆஃப் எக்ஸைல், அலங்காரமும் பொருள் வைக்கக் கூடுதல் பெட்டியும் விற்கிறது, வாளின் பலத்தை விற்பதில்லை. இது ஓரளவு பாஸ்! காசு கட்டினவன் முன்னாலேயே இறங்கிவிடுகிற ஆட்டம் ஃபெயில். எவ்வளவு கட்டினால் இறங்கலாம் என்றே சொல்லாத ஆட்டத்தில் ஏறவே வேண்டாம்.

ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், வைரம், ரத்தினம் என்று அவர்கள் காட்டும் விலையை ரூபாயாக மாற்றி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை வீட்டில் தைரியமாகச் சொல்ல முடிந்தால் ஆடுங்கள்.

ஓசி என்று ஒன்று இல்லை நண்பர்களே. யாரோ கட்டுகிறார்கள். அது நம் அம்மாவாக இருக்க வேண்டாம்.