18 வயதில் எந்த லைசன்ஸ்?

ஏ-லெவல் கடைசித் தாளை எழுதி முடித்த கையோடு நம் பிள்ளைகள் பார்க்கும் முதல் வேலை, ஓட்டுநர் அடிப்படைத் தேர்வுக்கு நாள் வாங்குவது. பாலிடெக்னிக், ஐடிஇ பிள்ளைகளும் அப்படித்தான். வயது 18 ஆகியிருக்க வேண்டும், 50 கேள்வியில் 45 சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதன்பின் எந்த லைசன்ஸ் எடுப்பது, யாரிடம் கற்பது, கிடைத்ததும் எதை ஓட்டுவது என்று கேட்டுப் பாருங்கள். “கூட்டாளிங்க எல்லாம் எடுக்கிறாங்க சார்” என்பான் ஒருவன். “அப்பா இப்பவே எடுத்து வைக்கச் சொன்னாங்க” என்பாள் இன்னொருத்தி. தேக்கா பக்கம் துணைப்பாட வகுப்பு நடத்தும் எனக்கு ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் இந்தப் பதில்கள்தான் கிடைக்கின்றன. எதைப் படிப்பது என்பதற்கு ஆயிரம் ஆலோசனை கேட்கும் குடும்பங்கள், 3,000 வெள்ளியைச் சுலபமாக விழுங்கக்கூடிய இந்த விஷயத்தில் யாரையும் கேட்பதில்லை.

வழிகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். 3-ஆம் வகுப்பு என்றால் கியர் கார், ஆட்டோமேட்டிக் காரையும் அதில் ஓட்டிக்கொள்ளலாம். 3ஏ ஆட்டோவுக்கு மட்டும். 2பி என்பது 200 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள். அப்பா கடை வைத்திருக்கிறார், கேட்டரிங் செய்கிறார், வேன் ஓட்ட ஆள் தேவைப்படும் என்றால் 3 எடுங்கள். நம் கடைக்காரர்களிடம் இன்னும் கியர் வேன்கள் ஓடுகின்றன. அந்தத் தேவை இல்லாதவர்களுக்கு 3ஏ தாராளமாகப் போதும். காப்பிக் கடையில் யாராவது “ஆட்டோ லைசன்ஸா?” என்று இளித்தால் அதற்காகக் கூடுதலாகப் பணம் கட்டாதீர்கள். இவ்வளவும் நியாயமாகச் சொல்லிவிட்டேன். ஆனால் என் மனம் 3 பக்கம்தான் சாய்கிறது. கிளட்ச் மிதித்துப் பழகியவன் வண்டியின் வேகத்தைக் காலாலேயே உணர்வான் என்பது என் கட்சி. ஆதாரம் கேட்காதீர்கள்.

2பி பற்றி அம்மாக்களின் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. 2024-இல் சிங்கப்பூர்ச் சாலைகளில் இறந்த 142 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். முதல் பேருந்துக்கு முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டியவர், நள்ளிரவில் ஷிஃப்ட் முடித்து வருபவர் எடுக்கட்டும். ஜாக்கெட்டுக்கும் ஹெல்மெட்டுக்கும் ஆசைப்பட்டு எடுக்க வேண்டாம். உணவு விநியோகம் செய்து சம்பாதிக்கலாம் என்று எடுப்பவர்கள், சாதாரணக் காப்புறுதி அந்த வேலைக்குச் செல்லாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

சம்பாத்தியம் என்றதும் பெற்றோர் சொல்லும் இன்னொரு காரணம் நினைவுக்கு வருகிறது. “லைசன்ஸ் இருந்தா என்னைக்காவது கிராப் ஓட்டியாவது பிழைச்சுக்குவான்.” ஓட்ட முடியாது. தனியார் வாடகைக் கார் ஓட்டுவதற்கான தொழில் உரிமத்தைப் புதிதாகக் கேட்பவருக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. டாக்சிக்கும் 30 தான். 18 வயதுப் பையனை அந்தக் கணக்கில் அவசரப்படுத்துவது 12 ஆண்டுக்கு முன்பே குடை வாங்கி வைப்பது.

பள்ளியா, தனியார் ஆசிரியரா? மோட்டார் சைக்கிளுக்கு இந்தக் கேள்வியே கிடையாது, பள்ளிதான். காருக்குப் புக்கிட் பாத்தோக், உபி, உட்லண்ட்ஸ் என மூன்று பயிற்சி நிலையங்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும், ஆனால் பாடத்துக்கு நேரம் கிடைப்பதற்குள் பொறுமை போய்விடும். தனியார் ஆசிரியர்களுக்குப் புது உரிமம் தருவது 1987-உடன் நின்றுவிட்டதால் இப்போது இருப்பவர்கள் எல்லாரும் மூத்தவர்கள். வாய் கொஞ்சம் நீளம். நான் அப்படி ஒருவரிடம்தான் கற்றேன். மஞ்சள் விளக்கு எரியும்போது காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோகும் பழக்கம் அவர் திட்டித் திட்டி வந்தது. உங்களுக்கு அப்படி ஒருவர் வாய்த்தால் விட்டுவிடாதீர்கள்.

இதுவரை சொன்னதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் வரும் இடம் லைசன்ஸ் கைக்கு வந்த பிறகு இருக்கிறது. அங்கே பிள்ளைகள் எல்லாரும் ஒரே வழியைத்தான் பிடிக்கிறார்கள்.

அதாவது, மணிக்கணக்கில் எடுக்கும் வாடகைக் கார். வீட்டில் கார் இல்லை. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ உரிமைச் சான்றிதழ் மட்டுமே 106,000 வெள்ளியைத் தொட்ட ஊரில் எத்தனை வீட்டில் இருக்கும்? ஆனால் வீவக கார் பார்க்கிலேயே பகிர்வுக் கார் நிற்கிறது. செயலியைத் தட்டினால் கதவு திறக்கிறது. நான்கு பேர் பணம் போட்டால் டாக்சியைவிட மலிவு. ஆக, புதியவருக்கான ‘பி-பிளேட்’ முக்கோணத் தகட்டைக் கண்ணாடியில் ஒட்டிய முதல் வாரமே, இரவு 11 மணிக்கு, ஐந்து பேராக ஏறி சாங்கிக்கோ, முஸ்தபா பக்கம் பரோட்டாவுக்கோ கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் பாலம் தாண்டி ஜொகூர் வரை போகிறார்கள். இது எளிய தொடக்கம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். இருக்கிற வழிகளிலேயே கடினமானது இதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். ‘எல்’ தகடு போட்ட வண்டி நம் விரைவுச்சாலைகளில் ஏறக்கூடாது. தேர்வும் விரைவுச்சாலையில் நடப்பதில்லை. எனவே பிஐஇ-யில் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டிகளுக்கு நடுவே முதல்முறை நுழைவது, பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல், இரண்டாவது பிரேக் இல்லாமல் நடக்கிறது. அந்த முதல்முறை இரவில் நடக்கிறது. பழக்கமில்லாத வண்டியில் நடக்கிறது, ஏனென்றால் பகிர்வுக் கார் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு. பின்னிருக்கையில் மூன்று பேர் பாட்டை மாற்றச் சொல்லி, வழி சொல்லி, கேலி செய்துகொண்டிருக்கிறார்கள். இந்த நான்கில் ஏதாவது ஒன்றை மட்டும் சமாளிக்க ஒரு புதியவரால் முடியும். நான்கையும் ஒன்றாக வைக்கிறார்கள். போதாததற்கு மணிக்கணக்கு வாடகை. பத்து நிமிடத்துக்குள் திருப்பிக் கொடுக்காவிட்டால் கூடுதல் கட்டணம் என்ற நினைப்பு வந்ததும் கால் தானாக அழுந்தும்.

இடித்தால் என்ன ஆகும்? இளையர், அனுபவம் குறைந்தவர் என்றால் காப்புறுதியில் ‘எக்ஸஸ்’ என்று நாமே கட்ட வேண்டிய தொகை கூடுகிறது. கார் பார்க் தூணில் உரசியதற்கு ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு, வீட்டில் சொல்லாமல் பகுதி நேர வேலைக்குப் போன பையனை எனக்குத் தெரியும். நண்பர்கள் பங்கு கொடுத்தார்களா என்று கேட்டேன். சிரித்தான்.

புள்ளிக் கணக்கும் இருக்கிறது. முதல் 12 மாதத்தில் 13 குற்றப்புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் ரத்து, எல்லாத் தேர்வையும் முதலிலிருந்து எழுத வேண்டும். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 12 புள்ளி. கைப்பேசியைக் கையில் பிடித்தால் 12. இடைவார் போடாவிட்டால் 3. கூட்டிப் பாருங்கள். 2026 ஜனவரியிலிருந்து வேகக் குற்றத்துக்கான அபராதமும் புள்ளியும் இன்னும் உயர்ந்துவிட்டன.

இதற்கு மேல் இளம் ஓட்டுநர்களுக்குத் தனிக் கட்டுப்பாடு வேண்டுமா என்பது கேள்வி. மாணவர்களிடம் பேச்செடுத்தால் கோபப்படுகிறார்கள். அவர்கள் வாதத்தில் பலம் இருக்கிறது. 2021 பிப்ரவரி 13, சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் அதிகாலையில் தஞ்சோங் பகாரில் பிஎம்டபிள்யூ எம்4 கார் கடைவீட்டில் மோதி எரிந்து ஐந்து இளைஞர்கள் மாண்டார்கள். 50 கிலோமீட்டர் எல்லை உள்ள சாலையில் அந்த வண்டி 180 வரை போயிருக்கலாம் என்று மரண விசாரணையில் தெரியவந்தது. ஓட்டியவர் குடித்திருந்தார். அவர் பி-பிளேட்காரர் அல்லர், 29 வயதுக்காரர். 2024 ஏப்ரலில் தெம்பனிஸில் ஆறு வாகனங்கள் மோதிக்கொண்டு இருவர் இறந்த விபத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வயது 42. “பெரியவங்க செய்றதுக்கு எங்களைக் கட்டிப்போடுவீங்களா சார்?” என்று கேட்டால் சட்டென்று பதில் வராது.

ஆனாலும் கட்டுப்பாடு வேண்டும் என்பதுதான் என் முடிவு. இளையர்கள் மோசமானவர்கள் என்பதால் அல்ல, எதில் சோதிக்கப்படவில்லையோ அதில் முதல் நாளே இறங்க விடுகிறோம் என்பதால். மோட்டார் சைக்கிளுக்கு நம் சட்டம் படி கட்டி வைத்திருக்கிறது. 2பி-யில் ஓராண்டு இருந்தால்தான் 400 சிசிக்கான 2ஏ, அதில் இன்னோர் ஆண்டு கழித்துத்தான் அதற்கு மேல். காருக்கு அந்தப் படி எங்கே? நேற்று தேறிய 18 வயதுக்காரர் இன்று இரவு எந்தக் குதிரைத் திறனுள்ள காரையும், எத்தனை நண்பர்களோடும், எந்த நேரத்திலும் ஓட்டலாம். மதுவின் அளவில்கூட அவருக்கும் முப்பது ஆண்டு ஓட்டியவருக்கும் ஒரே எல்லை.

நியூசிலாந்து 1987-லேயே படிப்படியான லைசன்ஸைக் கொண்டுவந்தது. அங்கே இரண்டாம் படியில் இருப்பவர் இரவு 10 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டக்கூடாது, துணைக்கு அனுபவசாலி இல்லாமல் பயணிகளை ஏற்றக்கூடாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்கு உட்பட்ட கற்பவர் 120 மணி நேரம் ஓட்டியதை ஏட்டில் காட்ட வேண்டும், அதில் 20 மணி இரவில். லைசன்ஸ் வந்தபின் முதல் கட்டத்தில் மது பூஜ்யம், வேகம் 90-க்குள், சக்தி மிகுந்த கார்களுக்குத் தடை. இரவு 11 முதல் காலை 5 வரை 21 வயதுக்குக் குறைந்த பயணி ஒருவருக்கு மேல் ஏற்றக்கூடாது.

நியூசிலாந்து போல இரவையே பூட்டுவது நமக்குச் சரிவராது. இரவு ஷிஃப்ட் பார்க்கும் தாதி இருக்கிறார், தேசிய சேவை முகாமிலிருந்து தாமதமாக வெளியே வரும் தம்பியை அழைத்துவர அக்கா போகிறாள். நியூ சவுத் வேல்ஸின் பயணி விதி பொருந்தும். வேலைக்குப் போகிறவரை அது தடுக்காது, ஐந்து பேர் ஊர்வலத்தை மட்டும் தடுக்கும்.

அப்படியானால் முதல் ஆண்டு எப்படிப் போக வேண்டும்? வீட்டில் கார் இருந்தால் பெற்றோரில் ஒருவர் பக்கத்தில் அமருங்கள், வாயை மட்டும் கொஞ்சம் அடக்குங்கள். இல்லாவிட்டால் மாமாவிடமோ சித்தப்பாவிடமோ கேளுங்கள், காப்புறுதியில் உங்கள் பெயர் சேர்கிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டு. விரைவுச்சாலைக்கென்று ஆசிரியரோடு ஒரு மறுபயிற்சிப் பாடம் எடுங்கள், அதற்குச் செலவழிக்கும் வெள்ளி எக்ஸஸில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சிராங்கூன் சாலையில் போய்ப் பாருங்கள். ஒருவழிச் சாலை, காய்கறி இறக்கும் லாரிகள், வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் சாலையைக் கடக்கும் பாட்டிமார் என எல்லாமும் இருக்கும், வேகம் மட்டும் இருக்காது. அதே ஞாயிறு மாலையில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வெளிநாட்டு ஊழியர்கள் கூட்டம் நடைபாதை நிரம்பிச் சாலையில் இறங்கியிருக்கும். தீபாவளி ஒளியூட்டு மாதத்தைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

இன்னொன்றையும் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் வண்டி ஓட்டும் மனம் இருப்பதில்லை. கணக்கில் கெட்டிக்காரப் பையன் முச்சந்தியில் தடுமாறுவான். வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவள் கண்ணாடி பார்த்து, தோள் திரும்பிப் பார்த்து, அலட்டிக்கொள்ளாமல் தடம் மாறுவாள். தேர்வில் தவறியவனை “உன் தம்பி ஒரே தடவையில எடுத்தான்” என்று குத்தாதீர்கள். அவசரத்தில் தேறுவதைவிடத் தாமதமாகத் தேறுவது அந்த வீட்டுக்கு நல்லது. தேசிய சேவை முடிந்து, முதல் சம்பளம் வாங்கி, 22 வயதில் எடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் கெட்டுப்போகவில்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் இரண்டு ரயில் தடங்கள் சந்திக்கின்றன, பேருந்துகளுக்கும் குறைவில்லை. காத்திருக்கும் காலத்தில் யாரும் வீட்டில் முடங்கிக் கிடக்கப் போவதில்லை.

போக்குவரத்துக் காவல்துறை அந்தப் பயணி விதியைப் பி-பிளேட் ஆண்டுக்காவது கொண்டுவர வேண்டும். அது வரும்வரை, பெற்றோரே, விதியை நீங்கள் போடுங்கள்: முதல் ஆறு மாதம் இரவு 11-க்கு மேல் கூட்டாளிகளோடு வாடகைக் கார் கிடையாது. அந்தச் செயலியில் பதிய உங்கள் வங்கி அட்டையைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.