பீர் உடம்பைக் குளிர வைக்காது

ஏப்ரல் பிறந்தால் போதும், எண்ணூர் கத்திவாக்கத்தில் இந்தப் பேச்சும் கிளம்பிவிடும். “சரக்குதான் சூடு டாக்டர், பீரு குளிர்ச்சி. பார்லில செய்யறதுதானே?” கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர் சொல்கிறார், ஃபவுண்டரியில் ஒப்பந்த வேலை பார்க்கும் தம்பி சொல்கிறார், நாலும் தெரிந்த மேஸ்திரியும் சொல்கிறார். இப்போது அதற்கு ஒரு செய்முறையும் சேர்ந்துகொண்டது: பாதி பீர், பாதி லெமன் சோடா, ஒரு சிட்டிகை உப்பு, நாலு புதினா இலை. வீடியோவில் பார்த்தார்களாம். குளுக்கோஸ் ஏற்றின மாதிரி இருக்குமாம். கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

முதலில் பார்லி. நீர்க்கடுப்புக்குப் பாட்டி காய்ச்சிக் கொடுத்த கஞ்சியில் தண்ணீரும் மாவும் இருந்தன. பீரில் அந்த மாவு சர்க்கரையாகி, சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்கிவிட்டது. பார்லி என்பதாலேயே குளிர்ச்சி என்றால், மால்ட் விஸ்கியும் குளிர்ச்சிதான். அதுவும் பார்லியில் செய்வதே.

உடம்பு எதனால் குளிர்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வியர்வையால். ஒரு லிட்டர் வியர்வை தோலில் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறும். ஐஸில் வைத்த 650 மில்லி பீர் பாட்டில் முழுவதும் வயிற்றுக்குள் போனால் எடுக்கும் வெப்பம் 20 கிலோ கலோரியைச் சுற்றித்தான். அதே அளவு ஐஸ் தண்ணீரும் அவ்வளவே எடுக்கும். தொண்டையில் ஜில்லென்று இறங்குவது குளிரின் வேலை. அதில் பீருக்குப் பெருமை இல்லை.

அந்த வியர்வைக்குத் தண்ணீர் வேண்டும். ஆல்கஹால் கை வைப்பது அங்கேதான். தண்ணீரைச் சிறுநீரில் விட்டுவிடாமல் பிடித்து வைக்கச் சொல்லும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை அது அடக்கிவிடுகிறது. ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு ஏறக்குறைய 10 மில்லி கூடுதல் சிறுநீர் போகும் என்று இங்கிலாந்தின் உடலியல் ஆய்வாளர் எக்ள்டன் 1942-லேயே அளந்து எழுதினார். நம் ஆட்கள் வாங்கும் ‘ஸ்ட்ராங்’ பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள்: 8 சதவீதம் வரை. 650 மில்லிக்குக் கணக்குப் போட்டால் 41 கிராம் ஆல்கஹால், அதாவது 60 மில்லி பெக் விஸ்கி இரண்டு. குடித்ததில் பாதிக்கு மேல் சுவரோரம் போய்விடும். ஏற்கெனவே வற்றிப்போன உடம்பில் இந்த இழப்பு குறையும் என்பது உண்மை. அதற்காகப் பீர் தண்ணீராகிவிடாது.

நம் ஊரில் இது இன்னும் மோசம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முகத்துவாரம். காற்றிலேயே ஈரம் இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. ஷிப்ட் முடித்து வருகிறவர்களின் நீலச் சட்டையில், முதுகுப் பக்கம், வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருக்கும். கெண்டைக்கால் கல் மாதிரி இறுகிப்போய் நொண்டி வருவார்கள். போன தண்ணீரும் உப்பும் திரும்ப வேண்டிய நேரத்தில் இவர்கள் பாட்டிலைத் திறக்கிறார்கள்.

இதைவிடப் பயங்கரமான ஒன்றுக்கு வருகிறேன். வெப்ப மயக்கம் முற்றி உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பேச்சு குழறும், நடை தள்ளாடும், சொன்னது புரியாது. போதையும் அப்படித்தான் இருக்கும். வாயில் பீர் வாசனை வேறு வந்துவிட்டால் கூட இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? “மப்புல கெடக்கான், விடு, தெளிஞ்சிரும்” என்று விட்டுவிடுவார்கள். விட்ட அந்த ஒரு மணி நேரத்தில் உயிர் போகலாம். வெயிலில் விழுந்தவன் குடித்திருந்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி: நிழலுக்குத் தூக்குங்கள், சட்டையைக் கழற்றுங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவன் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வீடியோக் கலவைக்கு வருவோம். பாதி பீர், பாதி லெமன் சோடா என்பது ஜெர்மனியில் ராட்லர், இங்கிலாந்தில் ஷாண்டி. அங்கே 5 சதவீத பீரில் கலக்கிறார்கள், இரண்டரைக்கு இறங்குகிறது. நம் ஸ்ட்ராங்கில் கலந்தால் 4. அது சாதாரண பீருக்குக் கிட்டத்தட்ட சமம். தவிர, பாட்டிலில் மிச்சம் வைக்க எவருக்கும் மனம் வருவதில்லை. எத்தனை சோடா ஊற்றினாலும் உள்ளே போகும் ஆல்கஹால் அதே 41 கிராம்தான். இனிப்பாக இருப்பதால் இன்னும் வேகமாக இறங்கும்.

சோடா போதையைக் குறைக்குமா? மான்செஸ்டரில் வோட்காவை வைத்துச் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வாயு நிரப்பிய பானத்தோடு கலந்தபோது 21 பேரில் 14 பேருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் சீக்கிரம் ஏறியது. பீர் கல்லடைப்பைக் கரைக்குமா? கரைக்காது. யூரிக் அமிலத்தைத்தான் கூட்டும். சின்னக் கல் தண்ணீர் குடித்தாலே பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். பெரிய கல்லுக்கு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெயிலில் குடிக்கவே கூடாது.

அந்த லெமன் சோடாவைத் தனியாகக் குடியுங்கள், உப்புப் போட்டு. நீர் மோர், கேழ்வரகுக் கூழ், நீராகாரம் எல்லாம் நல்லது. கால் இழுத்தால் ஓ.ஆர்.எஸ், அது கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி. வெயிலில் வேலை செய்யும்போது தாகத்துக்குக் காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர்.

அந்த டம்ளர் தண்ணீர் எங்கே என்று என்னிடம் திருப்பிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கோடையில் தண்ணீரைக் குளிர வைத்துத் தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 18-ஆவது பிரிவு எழுதியது. ஒப்பந்தத் தொழிலாளியையும் அந்தச் சட்டம் தலைக்கணக்கில் சேர்த்தது. 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று தமிழக அரசே அறிவித்தது. ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு வரிசையில் நிற்கும் லாரி ஓட்டுநர், கொதிக்கும் கேபினில் உட்கார்ந்து, தண்ணீரைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். சங்கத் தலைவர்களே, இந்தக் கத்திரிக்கு முன்பாக ஒவ்வொரு கேட்டிலும், லாரி வரிசை நெடுகிலும் குளிர்ந்த குடிநீர்த் தொட்டி கேட்டு மனுக் கொடுங்கள். கையெழுத்துப் போட நானும் வருகிறேன்.