போனுக்குள் இருப்பது ஒரே மென்பொருளா?

என் சித்தி மகன் சென்ற மாதம் பழைய சாம்சங் போன் ஒன்று வாங்கினான். யாரோ சொன்னார்கள் என்று டயல் பேடில் *#1234# போட்டுப் பார்த்தால் ஏபி, சிபி, சிஎஸ்சி என்று மூன்று வரிகள். மூன்றின் கடைசி எழுத்துகளும் வெவ்வேறாக இருந்தன. பக்கத்து சர்வீஸ் கடையில் காட்டியிருக்கிறான். "போர்டு மாத்தின போன் தம்பி, அதான் நம்பர் ஒத்துப்போகல" என்று சொல்லிவிட்டார்கள். வந்த விலைக்குத் தள்ளிவிடுவதாக என்னிடம் வந்து நின்றான்.

எண்கள் ஒத்துப்போகாவிட்டால் போனில் கோளாறு என்ற இந்த நம்பிக்கைதான் பலருக்கு வீண் செலவு வைக்கிறது. ஏபி என்பது ஆண்ட்ராய்டு இருக்கும் பகுதி. சிபி என்பது டவரோடு பேசும் மோடத்துக்கென்றே உள்ள தனி மென்பொருள். சிஎஸ்சி, நாட்டுக்கும் சிம் நிறுவனத்துக்கும் ஏற்ற அமைப்புகளின் தொகுப்பு. ஒரு மாத அப்டேட்டில் மோடத்தைத் தொடவில்லை என்றால் சிபி வரி பழைய எண்ணிலேயே நிற்கும். அதில் பயப்பட ஒன்றுமில்லை.

அந்த எண்ணைப் படிக்கவும் தெரிந்துகொள்ளலாம். ஏபி வரியின் கடைசி மூன்று எழுத்துகளில் முதலாவது ஆண்டு, அடுத்தது மாதம். 'டபிள்யூ, பி' என்று இருந்தால் 2023 பிப்ரவரி. கடைசியிலிருந்து ஐந்தாவதாக நிற்பது, ஆண்ட்ராய்டை எழுப்பும் பூட்லோடரின் படி. அதைவிடக் குறைந்த படியுள்ள ஃபைலை ஏற்றப்போனால் போன் ஏற்காது. "பிடிக்கலைன்னா பழைய வெர்ஷனுக்கே போயிடலாம்" என்று துணிச்சலாக அப்டேட் செய்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சாம்சங்கில் மட்டுமல்ல, 2022 ஆகஸ்டில் பிக்சல் 6 வரிசைக்கு ஆண்ட்ராய்டு 13 வந்தபோது கூகுளும் பூட்லோடரை இப்படிப் பூட்டியது. ஏறியவர்களால் 12-க்கு இறங்க முடியவில்லை.

ஃபேக்டரி ரீசெட் போட்டால் பெட்டியில் வந்தபடி ஆகிவிடும் என்பதும் தவறு. நம் படங்களும் செயலிகளும்தான் அழியும். ஏறிய அப்டேட் ஏறியதுதான்.

"ஆண்ட்ராய்டு புதுசு, அதனால பயமில்ல" என்கிறார்களே, அது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. 2023 மார்ச்சில் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ குழு, சாம்சங்கின் எக்ஸினோஸ் மோடங்களில் 18 ஓட்டைகள் இருப்பதாக அறிவித்தது. அவற்றில் நான்குக்கு, நம் போன் நம்பர் தெரிந்தாலே போதும். நாம் எதையும் தொடாமலே தூரத்திலிருந்து மோடத்துக்குள் புகலாம். திருத்தம் வரும்வரை வைஃபை காலிங்கையும் வோல்ட்இயையும் அணைத்து வைக்கச் சொன்னார்கள். அன்றைக்குப் புத்தம்புது ஆண்ட்ராய்டு 13 ஓடிய பிக்சல் 7-உம் அந்தப் பட்டியலில் இருந்தது. ஓட்டை இருந்த இடம் மோடம்.

இந்த மென்பொருள் எண்களையெல்லாம் பார்க்க ரூட் செய்ய வேண்டும் என்று சொல்லிப் பணம் கேட்பவர்கள் உண்டு. தேவையே இல்லை. செட்டிங்ஸில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கேபிளைக் கணினியில் செருகினால் போதும். ஏடிபி கருவியில் 'கெட்ப்ராப்' என்று கேட்டால் போனே வரிசையாகச் சொல்லும்: பூட்லோடர் எது, மோடம் எது, ஆண்ட்ராய்டுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்த தேதி எது, சிப் சார்ந்த வெண்டர் பகுதிக்கு எது. இந்த இரண்டு தேதிகளும் வேறுபடலாம், அதனால் இரண்டையும் பாருங்கள். இரண்டு சிம் போனில் மோடத்தின் எண் கமா போட்டு இரண்டு முறை வரும். அதற்காக உள்ளே இரண்டு மோடம் என்று எண்ண வேண்டாம். இவை எல்லாமே படிப்பது மட்டும்தான், போனில் எதுவும் மாறாது. வேலை முடிந்ததும் டீபக்கிங்கை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

கடைசியாக, "ஸ்கிரீன் வரல, சார்ஜ் ஏறல, மதர்போர்டு போச்சு." குவால்காம் சிப் உள்ள போன் என்றால், இப்படிச் செத்துக் கிடப்பதைக் கணினியில் செருகி டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பெயரின் முடிவில் 9008 என்று ஒரு வரி தெரிந்தால், சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் முதல் நிரல் உயிரோடு பதில் சொல்கிறது என்று பொருள். அடுத்துள்ள பூட்லோடர்தான் எழவில்லை. அது சிதைந்த ஃபர்ம்வேராக இருக்கலாம், பழுதான சேமிப்புச் சிப்பாகவும் இருக்கலாம். போர்டு மாற்றப் பணம் கொடுக்குமுன், அந்த எண் தெரிகிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.